ஈரத்துண்டு அண்ணனுக்கு

எங்கள் வீட்டில் இதுவரை நான்கு கார்கள். இப்போதிருப்பதில் பட்டனை அழுத்தினால் போதும், கிளம்பிவிடும். ஆனாலும் நாங்கள் கூடினால் பேச்சு முதல் காரைப் பற்றித்தான். ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே கியர், அதனால் முன்சீட்டிலேயே மூன்று பேர். மழை பெய்தால் பின்சீட்டில் குடை விரிப்போம். இரண்டாவது, மூன்றாவது கார்கள் ஒழுங்காக ஓடின, சொல்ல ஒன்றுமில்லை.

1996 மே மாதம் அந்த முதல் காரில் ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு ஏறினோம். 40 கொண்டை ஊசி வளைவுகளில் 14வதில் வண்டி படுத்துவிட்டது. அப்பா பானெட்டைத் திறந்து, எல்லாம் தெரிந்தவர் போல உற்றுப் பார்த்தார். அம்மா சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கக் கல் தேடினார்.

மேலிருந்து இறங்கிய லாரியை ஓரங்கட்டிவிட்டு நீங்கள் வந்தீர்கள். "சூட்டுல பெட்ரோல் ஆவியாயிருச்சுங்க. பம்புக்கு இழுக்க ஒண்ணுமில்ல." தோளில் கிடந்த துண்டை எங்கள் குடிதண்ணீரில் நனைத்துப் பெட்ரோல் பம்பின் மேல் சுற்றினீர்கள். அப்புறம் தள்ளிப் போய் நின்று நிதானமாக ஒரு பீடி. இருபது நிமிடத்தில், மூன்றாவது இழுப்பில் இன்ஜின் பிடித்தது.

அப்பா நீட்டிய பணத்தை வாங்கவில்லை. புளிசாதப் பொட்டலத்தை மட்டும் வாங்கிக்கொண்டீர்கள், அதுவும் அம்மா அதட்டியதால்.

அவசரத்தில் துண்டைத் திருப்பித் தர மறந்துவிட்டோம். அந்தக் காரை விற்கும் வரை அது டிக்கியில்தான் கிடந்தது. கோடையில் எத்தனையோ முறை உதவியது. பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. ரொம்ப நன்றிங்க அண்ணா. துண்டு இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. எத்தனை முறை துவைத்தும் பெட்ரோல் வாடை மட்டும் போகவில்லை.