4,500 ரூபாய் டிக்கெட்டின் நிஜ விலை

ஆசிரியருக்கு வணக்கம்.

பாப் கச்சேரிக்கு ஆயிரக்கணக்கில் டிக்கெட் வாங்கித் தரும் பெற்றோர், பிள்ளைகளைச் செல்லம் கொடுத்துக் கெடுக்கிறார்கள் என்று போன ஞாயிறு வாசகர் பக்கத்தில் ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் கொஞ்சம் கோபம்தான் வந்தது. ஒரு கச்சேரிக்கு வேண்டாம் என்றும், இன்னொன்றுக்குச் சரி என்றும் சொன்ன அம்மா நான். அதனால் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெரிய நடிகரின் படத்துக்கு முதல் நாள் முதல் காட்சி டிக்கெட்டைப் பிளாக்கில் வாங்கி, பால் அபிஷேகம் வரை பார்த்துவிட்டு வரும் அப்பாக்களை யாரும் 'கெட்டுப்போனவர்' என்று சொல்வதில்லை, அது ரசனை. பதினாலு வயதுப் பெண் ஒரு இங்கிலீஷ் பாட்டுக் குழுவை நேரில் பார்க்க ஆசைப்பட்டால் மட்டும் அது செல்லம், ஆடம்பரம், மேல்நாட்டு மோகம். மார்கழியில் சபாக்களில் இலவசமாகவே கச்சேரி கேட்கலாமே என்று எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு பெரியவரும் சொன்னார். கேட்கலாம், என் மாமியாருடன் நானே போவேன். ஆனால் பிரியாணி கேட்கிற பிள்ளையிடம் தயிர்சாதம் உடம்புக்கு நல்லது என்று சொன்னால் அது பதிலாகுமா?

2024 செப்டம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை. கோல்ட்பிளே என்கிற அந்த இங்கிலீஷ் பாட்டுக் குழு மும்பையில் நடத்தவிருந்த கச்சேரிக்கு மதியம் 12 மணிக்கு டிக்கெட் விற்பனை. மகள் லேப்டாப்பில், நான் போனில், வீட்டுக்காரர் ஆபீஸ் டேப்லெட்டில் உட்கார்ந்திருந்தோம், அடுப்பில் சாம்பார் கொதித்து அடிப்பிடித்தது. எங்களுக்குக் கிடைத்த வரிசை எண் ஏழு லட்சத்துச் சொச்சம். நாடு முழுக்க ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் அதே நேரத்தில் முட்டி மோதியதாக மறுநாள் செய்தி வந்தது. 2,500 ரூபாயிலிருந்து 35,000 ரூபாய் வரை டிக்கெட், எல்லாம் போய்விட்டது. மாலைக்குள் அதே டிக்கெட்டுகள் மறுவிற்பனைத் தளங்களில் லட்சக்கணக்கில் தொங்கின. அது மும்பை போலீஸ் விசாரணை வரை போனது உங்கள் பத்திரிகையிலேயே வந்தது.

அப்புறம் நவம்பரில், அகமதாபாத்தில் ஜனவரி 25, 26 தேதிகளிலும் உண்டு என்று அறிவித்தார்கள். லட்சம் பேருக்கு மேல் உட்காரக்கூடிய நரேந்திர மோடி ஸ்டேடியம், அதனால் இந்த முறை கிடைத்துவிடும் என்று மகளுக்கு நம்பிக்கை. 4,500 ரூபாய் டிக்கெட்தான் அம்மா என்றாள். அன்றைக்குத்தான் நான் ஒரு பழைய நோட்டை எடுத்து அவளையே கணக்குப் போடச் சொன்னேன். அவளைத் தனியாக அனுப்ப முடியாது, ஆகவே இரண்டு டிக்கெட், 9,000. இரண்டு பேருக்கு விமானம் போக வர, அன்று பார்த்த விலைக்கு 28,000. ஸ்டேடியத்துக்கு ஓரளவு பக்கத்தில் ஒரு ராத்திரிக்கு அறை 15,000, சாதாரண நாளில் அது மூவாயிரத்துக்குக் கிடைக்கும் அறை. ஆட்டோ, சாப்பாடு எல்லாம் சேர்த்து 4,000. மொத்தம் 56,000 ரூபாய். எங்கள் வீட்டின் ஒரு மாத வரவு என்ன, அதில் வீட்டுக் கடன் எவ்வளவு போகிறது என்பதையும் அதே பக்கத்தில் எழுதிக் காட்டினேன். வீட்டுக்காரருக்கு அது பிடிக்கவில்லை, பிள்ளையிடம் போய்ச் சம்பளக் கணக்கெல்லாம் எதற்கு என்றார். எனக்கு அது பிடித்திருந்தது. 'நம்மால் முடியாது' என்று சும்மா சொல்லும்போது பிள்ளைகள் அதை 'உனக்கு வாங்கித்தர மனசில்லை' என்றுதான் கேட்டுக்கொள்கிறார்கள்.

அவள் உடனே புரிந்துகொண்டு அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள் என்று எழுதினால் அது பொய். அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் ரயிலில் போகலாமே என்று நவஜீவன் எக்ஸ்பிரஸ் நேரத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு வழிக்கே 32 மணி நேரத்துக்குக் கிட்டே ஆகும் என்று தெரிந்ததும், போக வர எத்தனை நாள் பள்ளிக்கு லீவு என்று விரல் விட்டு எண்ணிவிட்டு, போனை வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஜனவரி 26-ம் தேதி கச்சேரியை ஹாட்ஸ்டாரில் நேரலையாகக் காட்டினார்கள். டிவியில் பார்த்தோம். 'இது அது மாதிரி இல்லம்மா' என்றாள். இல்லைதான்.

சில நாள் கழித்து, பிப்ரவரி 5-ம் தேதி, இங்கிலாந்துப் பாடகர் எட் ஷீரன் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் பாடினார். அதற்கு நாங்கள் போனோம். விமானம் இல்லை, விடுதி இல்லை, குரோம்பேட்டையிலிருந்து மின்சார ரயில், கிண்டியில் மாறி மெட்ரோ. புதன்கிழமை ராத்திரி என்பது மட்டும்தான் தொந்தரவு. மறுநாள் பள்ளிக்குப் போயே ஆக வேண்டும் என்பது ஒப்பந்தம், போனாள், முதல் பீரியடில் தூங்கினாளா என்று நான் கேட்கவில்லை. அவளுடைய டிக்கெட்டில் பாதிப் பணம் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தாத்தா கொடுத்துச் சேர்த்தது. ரஹ்மான் திடீரென்று மேடைக்கு வந்தார். எட் ஷீரனின் பாட்டோடு அவருடைய 1994 பாட்டு ஒன்றையும் கலந்து பாடினார்கள். அந்தப் பாட்டு வந்தபோது நானும் ஒன்பதாம் வகுப்பு. அதற்குமேல் அன்று அங்கே யார் பிள்ளை, யார் துணைக்கு வந்தவர் என்று சொல்வது கஷ்டம்.

ஆனால் எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லும் ஆள் நான் இல்லை. மறுவிற்பனை டிக்கெட்டை எங்கள் வீட்டில் எந்த விலைக்கும் வாங்குவதில்லை. எங்கள் தெருவில் ஒரு கல்லூரிப் பையன் முகம் தெரியாத ஒருவருக்கு 9,000 ரூபாயை யு.பி.ஐ.யில் அனுப்பிவிட்டு, வந்த கியூ.ஆர். கோடு நுழைவாயிலில் வேலை செய்யாமல் வெளியிலேயே நின்றுவிட்டு வந்தான். இன்னொன்று காது. கச்சேரி அரங்குகளில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் ஒரு வரையறை வெளியிட்டிருக்கிறது. நம் ஊரில் அதை யார் அளக்கிறார்கள்? மருந்துக் கடையில் பஞ்சு மாதிரி இருக்கும் காதடைப்பான் மலிவாகவே கிடைக்கிறது. மகள் மானம் போகிறது என்றாள், அரை மணி நேரத்தில் தானே கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள்.

2023 செப்டம்பர் 10-ம் தேதி கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்த ரஹ்மான் கச்சேரியை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். டிக்கெட் வாங்கியவர்களே உள்ளே போக முடியாமல், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு திரும்பினார்கள். உள்ளே போக முடியாதவர்கள் டிக்கெட் நகலை அனுப்புங்கள் என்று ரஹ்மானே கேட்க வேண்டி வந்தது. பெற்றோருக்கு உண்மையில் வயிற்றைக் கலக்குவது இதுதான். டிக்கெட் விலை இரண்டாவதுதான். தியேட்டர் டிக்கெட்டுக்காவது அரசு உச்சவரம்பு என்று ஒன்று இருக்கிறது, மைதானக் கச்சேரிக்கு அதுவும் கிடையாது.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கச்சேரி அறிவிப்பை வெளியிடும்போது பாடகரின் படத்தைப் பாதிப் பக்கத்துக்குப் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதன் கீழே நாலு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: வரியும் புக்கிங் கட்டணமும் சேர்த்து டிக்கெட் என்ன விலை, எத்தனை பேருக்குப் போலீஸ் அனுமதி, எந்த வயதிலிருந்து உள்ளே விடுவார்கள், கடைசி மெட்ரோ எத்தனை மணிக்கு. அமைப்பாளர்களிடம் நாங்கள் கேட்டால் பதில் வராது, நீங்கள் கேட்டால் வரும். மீதியை நாங்கள் வீட்டுக்குள் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குரோம்பேட்டை, சென்னை