'ரன்' என்றால் ஓடு மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே ஒரே ஒரு தமிழ்ச் சொல்லை எழுதி மனப்பாடம் செய்யும் பழக்கம், 'ரன்' போன்ற சொற்களில் காலை வாரிவிடுகிறது. ஆக்ஸ்போர்டு பேரகராதியின் 1989 பதிப்பில் மிக நீண்ட பதிவு 'செட்'. பின்னர் நடந்த திருத்தத்தில் 'ரன்' என்ற வினைக்கு மட்டும் 645 பொருள்கள் கணக்கானதால் அது முந்திக்கொண்டது. மலைக்க வேண்டாம், அன்றாடப் பேச்சுக்குப் பத்துப் பதினைந்து போதும்.

பொருளைத் தீர்மானிப்பது பக்கத்தில் நிற்கும் சொல். எஞ்சினும் படமும் நம் மொழியிலும் ஓடும். ஆனால் மூக்கு 'ரன்' ஆனால் ஒழுகுகிறது. துணியின் நிறம் 'ரன்' ஆனால் சாயம் போகிறது. கடையை 'ரன்' செய்தால் நடத்துகிறார்கள்.

அதிகம் சறுக்கும் இடம் 'ரன் அவுட்' (கிரிக்கெட்டைச் சொல்லவில்லை). பால் தீர்ந்தது என்பதற்கு 'த மில்க் ரேன் அவுட்' சரி. 'வீ' என்று தொடங்கினால் 'வீ ரேன் அவுட் ஆஃப் மில்க்'. அந்த 'ஆஃப்' விட்டுப்போனால் வாக்கியம் நிற்காது. இறந்தகாலம் 'ரேன்' என்பதால் 'ஹேவ் ரேன்' என்று எழுதிவிடுகிறார்கள். 'ஹேவ்', 'ஹேட்' வந்தால் மறுபடியும் 'ரன்'தான்.

நோட்டில் சொல்லைத் தனியே எழுதாமல் முழு வாக்கியமாக எழுதி, ஒட்டிவரும் 'ஆஃப்', 'இன்டு', 'ஓவர்' ஆகியவற்றை அடிக்கோடிடலாம். ஒரு நாளைக்கு இரண்டு பொருளுக்கு மேல் வேண்டாம்.

இப்படிக்கு,
ஆங்கிலம் கற்பிக்கும் வாசகர்