விடுதி நெட்வொர்க்: கணினி மைய இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூலையில் புது மாணவர்கள் வந்துவிடுவார்கள். உங்கள் அலுவலக வாசலில் வழக்கம்போல வரிசை தொடங்கும். எல்லார் கையிலும் லேப்டாப் பதிவுப் படிவம், அடையாள அட்டை செராக்ஸ், வார்டன் கையெழுத்து, துறைத் தலைவர் கையெழுத்து. லேப்டாப்பைப் பதியும் இந்த முறையையே மாற்ற வேண்டும் என்று அதற்குள் உங்கள் காதில் போட்டுவிடலாம் என்றுதான் எழுதுகிறேன். நான் இங்கே ஆய்வு மாணவன். விடுதியில் யாருக்கு நெட் வராவிட்டாலும் என் அறைக் கதவைத்தான் தட்டுகிறார்கள், அந்த உரிமையில் பேசுகிறேன்.

அந்தப் படிவத்தின் உயிர்நாடி மேக் முகவரி என்ற கட்டம். நெட்வொர்க் கார்டுக்குத் தயாரிப்பாளர் கொடுக்கும் 12 இலக்க அடையாளம் அது, அதைப் பதிந்தால்தான் நெட் வரும். 0 முதல் 9 வரையும் ஏ முதல் எஃப் வரையும்தான் அதில் வரும். மாணவர் அதைத் திரையில் பார்த்துப் பேனாவால் எழுதுகிறார், உங்கள் அலுவலகத்தில் ஒருவர் அதைப் பார்த்துத் தட்டச்சு செய்கிறார். கையெழுத்தில் 8-க்கும் பி-க்கும் வித்தியாசம் தெரியாது. போன வருடம் எங்கள் தளத்தில் ஒரு தம்பிக்குப் பல நாள் நெட் வரவில்லை. கடைசியில் பதிவேட்டைத் திறந்து பார்த்தால் பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் 'ஓ' உட்கார்ந்திருக்கிறது. மேக் முகவரியில் ஓ வரவே வராது. மென்பொருள் அதையும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. ஊழியரைக் குறை சொல்லவில்லை. அத்தனை படிவங்களைத் தட்டினால் யாருக்கும் கண் பூத்துத்தான் போகும்.

சரி, பிழையில்லாமல் பதிந்தாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். இப்போது வரும் மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் நெட் கேபிள் செருகும் லேன் துளையே கிடையாது. அந்தத் துளையைத் தரும் யுஎஸ்பி டாங்கிள் வாங்கித்தான் செருக வேண்டும். அந்த டாங்கிளுக்குத் தனி மேக் முகவரி உண்டு. ஒரே அறையில் மூன்று பேர் ஒரு டாங்கிளை மாற்றி மாற்றிச் செருகுகிறார்கள், உங்கள் பதிவேட்டில் மூவரும் ஒரே ஆள். வைஃபையிலும் இதே கூத்துதான். ஆண்ட்ராய்டு 10 வந்த 2019-லும், ஐஓஎஸ் 14 வந்த 2020-லும் போன்கள் உண்மையான மேக் முகவரியை மறைத்து வேறொன்றைக் காட்டத் தொடங்கிவிட்டன. விண்டோஸிலும் அந்த வசதி இருக்கிறது. யாரும் நம்மைப் பின்தொடரக் கூடாது என்று செய்த நல்ல ஏற்பாடு அது. நம் அறிவிப்புப் பலகையோ அதை அணைத்துவிட்டு வரச் சொல்கிறது.

பாதுகாப்புக்காகத்தான் இதெல்லாம் என்பீர்கள். மேக் முகவரியை மாற்ற ஒரு நிமிடம் போதும், முதலாமாண்டு மாணவனே செய்வான். நம்பர் பிளேட்டைச் சாக்பீஸால் எழுத விட்டுவிட்டு வண்டியைப் பிடிக்கப் பார்க்கிறோம். நெட்டில் இணையும் ஒவ்வொரு கருவிக்கும் சர்வர் தற்காலிகமாகக் கொடுக்கும் எண்தான் ஐபி முகவரி. நாளை சைபர் கிரைமிலிருந்து ஒரு ஐபி முகவரியை வைத்திருந்தது யார் என்று கேட்டுக் கடிதம் வந்தால், மேக் முகவரியைத் திருடியவன் தப்பித்துவிடுவான். படிவம் கொடுத்த அப்பாவிதான் மாட்டுவான். கணினி அமைப்புகளின் செயல்பாட்டுப் பதிவுகளை (லாக்) 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவு போட்டது. தப்பான ஆளைக் காட்டும் பதிவை 180 நாள் பத்திரப்படுத்தி என்ன செய்யப் போகிறோம்?

எனவே என் கோரிக்கை ஒன்றுதான். மெஷினைப் பதிவதை நிறுத்திவிட்டு மாணவரைப் பதியுங்கள். 802.1எக்ஸ் என்ற முறை இதற்கென்றே இருக்கிறது. மாணவர் தன் பதிவு எண்ணையும் பாஸ்வேர்டையும் ஒருமுறை கொடுத்தால் போதும். வைஃபை பெட்டியோ, கேபிள்களை இணைக்கும் சுவிட்சோ அதை, கணக்குகளைச் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளும். லேப்டாப்போ போனோ, கடன் வாங்கிய டாங்கிளோ, எதில் வந்தாலும் பதிவேட்டில் ஏறுவது அவர் பெயர்தான். படிப்பு முடிந்து போகும்போது ஒரே இடத்தில் கணக்கை மூடிவிடலாம். கல்லூரிகளுக்கென்று விற்கும் வைஃபை பெட்டிகள் இந்த முறையை ஏற்பவைதான். ரேடியஸ் சர்வருக்கான ஃப்ரீரேடியஸ் மென்பொருள் இலவசம். இதைச் செய்துவிட்டால், பல்கலைக்கழகங்கள் வைஃபையைப் பகிர்ந்துகொள்ளும் எஜுரோமில் சேரும் வாசலும் திறந்துவிடும். ஐரோப்பாவில் தொடங்கிய அந்த ஏற்பாட்டை இந்தியாவில் கல்வி நிறுவனங்களுக்கான நெட்வொர்க் அமைப்பான எர்நெட் நடத்துகிறது. நம் மாணவர் வேறொரு உறுப்புப் பல்கலைக்கழகத்துக்குக் கருத்தரங்குக்குப் போனால், நம் கணக்கை வைத்தே அங்கே இணையலாம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். இணையும்போது சர்வரின் சான்றிதழை, அதாவது அது நம் சர்வர்தான் என்று காட்டும் டிஜிட்டல் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும். 'சரிபார்க்க வேண்டாம்' என்று அழுத்தப் பழக்கிவிட்டால், எவனாவது அதே பெயரில் போலி வைஃபை வைத்துப் பாஸ்வேர்டைக் கறந்துவிடுவான். தேர்வு முடிவு பார்க்கும் தளத்துக்கும் அதே பாஸ்வேர்டு என்றால் சொல்லவே வேண்டாம். இதைத் தானாகவே சரியாக அமைத்துத் தரும் சிறு நிறுவி ஒன்றை எஜுரோமே இலவசமாகத் தருகிறது.

அப்புறம், இரவு 9 மணிச் சமாச்சாரம். மெஸ் முடிந்து எல்லோரும் அறைக்கு வந்ததும் நெட் படுத்துவிடும். லேப்டாப்பின் ஐபி முகவரியைக் காட்டும் ஐபிகான்ஃபிக் கட்டளையை அடித்துப் பார்த்தால் 169.254 என்று தொடங்கும் முகவரி. ஐபி முகவரி வழங்கும் டிஹெச்சிபி சர்வர் முகவரி தரவில்லை, லேப்டாப் தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று அர்த்தம். எங்கள் தளத்துக்கு ஒதுக்கியிருப்பது 254 முகவரிகள். ஒருமுறை கொடுத்த முகவரியை 8 நாள் பிடித்து வைத்திருக்கிறது சர்வர். விண்டோஸ் சர்வரின் இயல்பு அளவு அதுதான், யாரும் தொடவில்லை போலிருக்கிறது. நெட்டுக்கு முன் வரும் லாகின் பக்கத்தில் நுழையாத போன்கூட வைஃபையில் ஒட்டிக்கொண்ட உடனே ஒரு முகவரியை விழுங்கிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்த அண்ணனின் போனுக்குக் கொடுத்த முகவரி அடுத்த வாரம்வரை முடங்கிக் கிடக்கிறது. 8 நாளைச் சில மணி நேரமாகக் குறையுங்கள். இடமும் பெரிதாக வேண்டுமென்றால் 1,022 முகவரிகள் கொண்ட பகுதியாக மாற்றலாம். இதற்கு டெண்டரும் வேண்டாம், குழுவும் வேண்டாம்.

அறையில் சொந்த ரௌட்டர் வைத்தால் அபராதம் என்ற சுற்றறிக்கையின் நியாயம் எனக்குப் புரிகிறது. யாரோ ஒருவர் கேபிளைத் தப்பான துளையில் செருகினால் போதும், அந்த ரௌட்டர் தளம் முழுக்க முகவரி வழங்க ஆரம்பித்துவிடும், எல்லோருக்கும் நெட் போகும். ஆனால் நிர்வகிக்கக்கூடிய சுவிட்சுகளில் டிஹெச்சிபி ஸ்னூப்பிங் என்ற வசதி இருக்கிறது. அதை இயக்கினால் உங்கள் சர்வரைத் தவிர வேறு யார் முகவரி கொடுத்தாலும் சுவிட்சே தடுத்துவிடும். அறை அறையாகச் சோதனை போட வார்டனை அனுப்ப வேண்டியதில்லை.

ஜூலைக்குள் எல்லா விடுதிக்கும் முடியாது என்பது தெரியும். ஆய்வு மாணவர் விடுதியில் மட்டும் முதலில் போட்டுப் பாருங்கள். நாங்கள் பாதிப் பேர் இராப்பகலாக நெட்டில் கிடப்பவர்கள், எங்கே உடைகிறது என்று அன்றே சொல்லிவிடுவோம். முதல் வாரம் வாசலில் மேசை போட்டு ஒவ்வொரு லேப்டாப்பாக இணைத்துக் கொடுக்கவும் ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். எந்தத் தேதியில் தொடங்கலாம் என்று மட்டும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். அந்த 8 நாள் விஷயத்தை அதுவரை காக்க வைக்காமல் இந்த வாரமே மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஆய்வு மாணவர் விடுதியிலிருந்து ஒருவன்