ஆறு இரவு கேட்பதற்கு முன்

வெள்ளவத்தை,
கொழும்பு.

அன்புள்ள தம்பி,

நேற்றுத் தொலைபேசியில் நீ சொன்னதிலிருந்து மனம் அதையே சுற்றிக்கொண்டிருக்கிறது. நீயும் பிள்ளையின் தாயும் பிரிந்த பிறகு, இரண்டு வாரத்தில் நான்கு இரவு பிள்ளை உன்னிடம் தங்குகிறாள். அதை ஆறாக்கிக் கேட்கப் போகிறாய். கேட்டு எனக்கும் அம்மாவுக்கும் சந்தோஷம். ஆனால் கூடவே, "பிள்ளைக்காகத் தாய்க்குக் கட்டும் காசும் குறையும், அப்பா" என்றாய். அதுதான் உறுத்துகிறது.

அந்தக் காசைக் கணக்கிடும் உங்கள் அவுஸ்திரேலிய முறையை உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். தாய் தகப்பன் இருவரின் வருமானத்தையும் கூட்டி, பிள்ளைக்கு ஆகும் செலவை அட்டவணைப்படி எடுத்து, வருமானத்தில் யாருக்கு எவ்வளவு பங்கோ அந்த அளவுக்குச் செலவைப் பிரிக்கிறார்கள். பிறகு, பிள்ளை உன்னுடன் தங்கும் இரவுகளுக்காக ஒரு பகுதியை நீ ஏற்கெனவே செலவழித்துவிட்டாய் என்று கழிக்கிறார்கள். வருடத்தில் 14 சதவீதம், அதாவது 52 இரவு சேர்ந்தாலே செலவில் 24 சதவீதம் உன் கணக்கில் வரவு. 35 சதவீதம் வரும்வரை அது அசையாது. 35 ஆனதும் 25 ஆகும். அதற்கு மேல் ஒவ்வொரு சதவீதத்துக்கும் இரண்டு இரண்டாக ஏறும். உன் நான்கு இரவுக்கு 24. ஆறு இரவானால் 39.

தம்பி, அந்த 15 சதவீதம் உனக்குக் கிடைக்கும் கழிவு அல்ல. அதை நீயே பிள்ளைக்குச் செலவழிப்பாய் என்று சட்டம் நம்புகிறது. இரண்டு இரவு அவள் இல்லாததால் தாய் வீட்டு வாடகை குறையாது. சப்பாத்தும் சீருடையும் பாதி விலைக்கு வராது. போன மாதம் வீடியோவில் பிள்ளை மூச்சு வாங்கியபடி பேசினாள். ஆஸ்துமா பம்ப் தாய் வீட்டில் இருந்தது. நீ இரவோடு இரவாகக் கார் எடுத்துக்கொண்டு ஓடினாய். முதலில் உன் வீட்டிலும் ஒரு பம்ப் வாங்கி வை.

புதுக்கடை நீதிமன்றப் பக்கம் சட்டத்தரணியிடம் வேலை பார்த்த காலத்தில், பிள்ளைச் செலவுக்குக் காசு கேட்கும் தாபரிப்பு வழக்குகள் எத்தனையோ கண்டவன் நான். நம் நாட்டில் 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தில் இரவுகளுக்கு அட்டவணை கிடையாது. பெற்றோரின் வருமானத்தையும் பிள்ளையின் நிலையையும் பார்த்து நீதவான் தொகை சொல்வார். பால்மா பற்றுச்சீட்டு, பள்ளி வான் காசு எழுதிய துண்டு, மருந்துச் சிட்டை எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கோப்பில் அடுக்கிக்கொண்டு தாய்மார் வாசலில் நிற்பார்கள். தாய் வழக்குப் போட்டதும், அதுவரை பிள்ளையை எட்டிப் பார்க்காத தகப்பன் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய் "பிள்ளையை என்னிடம் தாருங்கள்" என்பான். பிள்ளை கிடைத்தால் அவனுடைய தாயிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவான். நீ அப்படிப்பட்டவன் அல்ல, எனக்குத் தெரியும். ஆனால் காசைப் பற்றிய பேச்சு முன்னால் வந்தால் பிள்ளையின் தாய் உன்னை அந்த வரிசையில்தான் வைப்பாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். ஐந்து இரவு கேட்டால் 24 என்பது 25 ஆகும், அவ்வளவுதான். காசில் சொல்லும்படி ஒன்றும் மிஞ்சாது. அந்த ஐந்தாவது இரவையும் கேட்பாயா? கேட்பாய் என்றால் ஆறையும் தாராளமாகக் கேள், நான் உன் பக்கம்.

வேலை நேரம் மாறி, பிள்ளை மறுபடி தாயிடம் கூடுதலாகத் தங்க நேர்ந்தால், அவள் சொல்லும்வரை காத்திராதே. 28 நாளுக்குள் நீயே இந்தக் கணக்கைப் பார்க்கும் அரசாங்க அலுவலகத்துக்கு அறிவித்துவிடு. அவளோடு மனஸ்தாபம் வந்து ஒரு வாரம் பிள்ளையை அனுப்பாவிட்டாலும் காசை நிறுத்தாதே. அது வேறு, இது வேறு.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது உன் வேலை நேரப் பட்டியலைக் கையில் வைத்திரு. எந்தெந்த இரவு நீ உண்மையில் வீட்டில் இருப்பாய் என்று இருவருமாகப் பார்ப்போம். அதன் பிறகு அவளிடம் பேசு.

அன்புடன்,
அப்பா