சாமியார் தாத்தாவின் பிரசங்கத் தாள்கள்: ஒரு நன்றி மடல்

அன்பான ஊர்க்காரர்களுக்கும் சொந்தபந்தங்களுக்கும்,

கன்னியாகுமரி மாவட்டத்து முளகுமூட்டில் கன்னியர் சபையைத் தொடங்கிய அன்னை மரி லூயிஸ் டி மேஸ்டரைப் பற்றி, எங்கள் குடும்பத்தில் பாதிரியாராக இருந்த சாமியார் தாத்தா கைப்பட எழுதிய பிரசங்கத்தை இப்போது யாரும் வாசிக்கலாம். அதற்குப் பாடுபட்டவர்களுக்கே இந்த மடல்.

முதலில் கருங்கல் பெரியம்மா. வீட்டை இடித்துக் கட்டியபோது பழைய பேப்பரோடு எடைக்குப் போகவிருந்த கட்டைப் பிரித்துப் பார்த்து, டிரங்குப் பெட்டியில் வசம்பு போட்டு வைத்தவர் அவர்தான். அவர் மட்டும் அன்று அசட்டையாக இருந்திருந்தால் இந்த மடலுக்கே வேலையில்லை.

தாள்களை மடித்து நடுவில் நூலால் தைத்திருக்கிறார் தாத்தா. வேகமான கை, பாதி எழுத்துக்குப் புள்ளி கிடையாது. மடிப்புகளில் மை ஊறிப் போயிருக்கிறது. தக்கலை தமிழாசிரியர் ஐயா பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்து, வரி வரியாகச் சொல்லச் சொல்ல என் மகள் தட்டச்சு செய்தாள். அங்கங்கே இருந்த சிவப்புப் பென்சில் கோடுகள், பேசும்போது நிறுத்த வேண்டிய இடங்கள் என்று கண்டுபிடித்ததும் ஐயாதான்.

வருடங்களைச் சரிபார்த்துத் தந்த மடத்துச் சிஸ்டர்களுக்கு நன்றி. பெல்ஜியத்தின் ரூசலாரேயில் 1857இல் பிறந்த அன்னை, ஒரே ஒரு துணையோடு கப்பலேறி 1897 நவம்பர் 7 அன்று முளகுமூடு வந்து, அனாதைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஏற்றார். 1910இல் சபை பிலிப்பைன்சுக்கும் போனது. அவர் காலமானது 1928 அக்டோபர் 10. இன்று ஐ.சி.எம். (மரியாவின் மாசற்ற இருதய மறைபரப்புச் சகோதரிகள்) சிஸ்டர்கள் என்று நாம் சொல்வது இந்தச் சபையைத்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது, நூலைப் பின்னிச் செய்யும் லேஸ் வேலையைப் பற்றிய பக்கம். அன்னையின் புகழைச் சொல்லிக்கொண்டே வந்தவர், திடீரென்று திண்டையும் குண்டூசிகளையும் மரக்கட்டைகளையும் வர்ணிக்கத் தொடங்கிவிடுகிறார். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சின்ன வயதில் மடத்தில் லேஸ் படித்த மாமிமார் இரண்டு பேர் திண்டையே தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். மாதிரித் தாளைத் திண்டில் குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை ஜோடி ஜோடியாகப் பிடித்து, குறுக்கே மாற்றி, முறுக்கி, அந்த இடம் நழுவாமல் ஒரு குண்டூசி. மறுபடி மாற்றி, முறுக்கி, இன்னொரு குண்டூசி. எழுபது வயது தாண்டிய விரல்கள் அந்த வேகத்தில் போகும் என்று நான் நினைக்கவே இல்லை. அப்புறம் அந்தப் பக்கத்தை வாசித்தபோது, தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத்தான் எழுதியிருக்கிறார் என்று புரிந்தது. மாமிமாரே, உங்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

நகல் ஒன்று பங்குக் கோயிலிலும் ஒன்று மடத்திலும் இருக்கிறது. கடைசித் தாள் மட்டும் கிடைக்கவில்லை, பிரசங்கம் பாதி வாக்கியத்தில் நிற்கிறது. பழைய ஜெபப் புத்தகங்களுக்குள் அப்படி ஒரு தாள் யார் வீட்டிலாவது இருந்தால் தெரியப்படுத்துங்கள். அசலை நீங்களே வைத்துக்கொள்ளலாம், போனில் எடுத்த படம் போதும்.

நன்றியுடன்,
சாமியார் தாத்தாவின் பேரப்பிள்ளைகள்
முளகுமூடு