சங்கீத அரங்கின் மேடையில் கிடக்கும் பிளீச்சிங் பவுடர் மூட்டைகளை அகற்றித் தரக் கோரி நான்காவது மனு

அனுப்புநர்:
செயலாளர், வாத்திய விருந்தாக் குழு, தேரடித் தெரு.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்.

பொருள்: மணிக்கூண்டுக்குப் பின்னால் உள்ள பழைய சங்கீத அரங்கு – மேடையில் வைக்கப்பட்டுள்ள மூட்டைகளை அகற்றக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நாங்கள் கொடுத்த மூன்று மனுக்கள். இரண்டுக்குப் பதில் இல்லை. ஒன்றுக்கு வந்த பதிலைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

மதிப்பிற்குரிய அய்யா அவர்களுக்கு,

வணக்கம். அரங்கு எங்கே இருக்கிறது என்று விளக்க வேண்டியதில்லை; தாங்கள் தினமும் காலையில் அந்த வழியாகத்தான் அலுவலகம் வருகிறீர்கள், வாசலில் பூக்கடை அம்மா குடை விரித்திருப்பாரே, அந்தக் கட்டடம். தங்களுக்கு இருக்கும் வேலைப்பளு எங்களுக்குத் தெரியும். மழைநீர் வடிகால், குடிநீர், நாய்த்தொல்லை என்று ஊரே தங்கள் வாசலில் நிற்கும்போது பாட்டுக்காரர்கள் நாங்களும் வந்து நிற்பது எங்களுக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வேறு வழியில்லாமல் கீழ்க்கண்டவற்றைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

1. வாத்திய விருந்தா என்றால் பல வாத்தியங்கள் சேர்ந்து வாசிக்கும் இசைக்குழு. எங்கள் குழுவில் பாடுகிற பிள்ளைகள் ஆறு பேரையும் சேர்த்து 29 பேர். தையல்காரர், ஓய்வுபெற்ற தபால்காரர், கல்லூரிப் பெண்கள், ஒரு பல் மருத்துவர் என எல்லாரும் உண்டு. யாருக்கும் சம்பளம் கிடையாது. சனி, ஞாயிறு மாலை இந்த அரங்கில்தான் ஒத்திகை, வாடகையும் பாக்கியில்லாமல் கட்டி வருகிறோம்.

2. முன்னால் நின்று கை காட்டிக் குழுவை நடத்துபவர் எங்கள் வாத்தியார், வயது 73. முதல் மனுவில் அவரைக் 'கண்டக்டர்' என்று எழுதியிருந்தேன், அது எங்கே போனது என்றே தெரியவில்லை. தூய தமிழில் 'நடத்துநர்' என்று மாற்றினால் சரியாகிவிடும் என்று இரண்டாவது மனுவில் மாற்றினேன். அது பேருந்துப் பணிமனைக்குப் போய், 'மேற்படி நடத்துநர் இப்பணிமனையில் பணிபுரியவில்லை' என்று கையெழுத்தும் முத்திரையுமாகப் பதில் வந்தது. மூன்று மனுவுக்கும் சேர்த்து எங்களுக்குக் கிடைத்த ஒரே பதில் அதுதான் அய்யா. வாத்தியார் அதை வாசித்துவிட்டுச் சிரித்தார், எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆகவே இந்த மனுவில் 'வாத்தியார்' என்றே எழுதுகிறேன்.

இப்படி ஒருவர் நின்று கை காட்டத்தான் வேண்டுமா என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். திருவையாற்றில் நூற்றுக்கணக்கானவர்கள் தியாகராஜரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடுகிறார்களே, அங்கே யார் கை காட்டுகிறார்கள் என்றும் கேட்டார். நியாயமான கேள்விதான். அங்கே எல்லாரும் ஒரே கீர்த்தனையை ஒரே மாதிரி பாடுகிறார்கள், ஆயுசு முழுக்கப் பாடிப் பழகியவர்கள். இங்கே வயலின் ஒரு வரி வாசிக்கும்போது புல்லாங்குழல் வேறு வரி வாசிக்கும், வீணை தாளத்தில் நான்கு அட்சரம் காத்திருந்து உள்ளே வரும். யாராவது ஒருவர் கையைப் பார்த்துத்தான் வர முடியும். 1952-இல் தில்லி வானொலியில் சிதார் கலைஞர் ரவிசங்கரும் வயலின் வித்துவான் டி.கே. ஜெயராம அய்யரும் வாத்திய விருந்தாவை நடத்தியதும் இப்படித்தான். அதற்கும் நூறு வருடங்களுக்கு முன்பே தஞ்சாவூரில் மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி அரண்மனையில் பேண்டு வாத்தியக் குழு வைத்திருந்தார். எனவே இது நாங்கள் புதிதாகக் கிளப்பிய விஷயம் இல்லை.

3. இப்போது மூட்டைக்கு வருகிறேன். முந்தைய வருட மழையின்போது 'ஒரு வாரம் மட்டும்' என்று சொல்லி பிளீச்சிங் பவுடர் மூட்டைகளை மேடையின் பின்திரைக்கு அருகே அடுக்கினார்கள். வெள்ளக்காலம், ஊருக்கு அவசரம், நாங்களும் சரி என்றோம், மூட்டை இறக்க எங்கள் மிருதங்கக்காரர் கைகூடக் கொடுத்தார். மழை நின்றது, அடுத்த மழையும் வந்து போய்விட்டது, மூட்டை மட்டும் அப்படியே இருக்கிறது. போன ஞாயிறு நான் எண்ணினேன், 64 மூட்டை. அவற்றில் 11 தையல் பிரிந்து வாயைப் பிளந்துகொண்டு கிடக்கின்றன. மேலே ஓட்டை வழியாகத் தண்ணீர் சொட்டுகிறது. ஈரம் பட்டால் அந்தப் பொடியிலிருந்து குளோரின் வரும் என்பதைத் தங்கள் சுகாதாரப் பிரிவு அலுவலர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

கதவைத் திறந்ததும் கண் எரிகிறது. அரைமணி நேரம் எல்லா ஜன்னலையும் திறந்துவைத்துவிட்டுத்தான் உள்ளேயே போகிறோம். புல்லாங்குழல்காரர்கள் அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்து ஊத வேண்டும், இழுத்தால் இருமல். பாடுகிற பிள்ளைகளில் இரண்டு பேரை அவர்கள் அம்மாக்கள் நிறுத்திவிட்டார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீணைத் தந்திகள் முன்பெல்லாம் மாதக்கணக்கில் வரும், இப்போது இரண்டு வாரத்தில் துரு ஏறி, சுருதி கூட்டும்போதே பட்டென்று அறுகிறது. ஒரு தடவை அறுந்த தந்தி பன்னிரண்டு வயதுப் பெண்ணின் புறங்கையில் அடித்தது. வீணைத் தண்டின் மேல் உள்ள 24 மெட்டுகளும் பச்சை பிடித்துக் கிடக்கின்றன. தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு வாங்கினோம், 2022-இல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கும் வாங்கினோம் என்று மேடைதோறும் பேசுகிற இதே டெல்டாவில், அந்த வீணையை நாங்கள் குளோரின் கிடங்கில் வைத்து வாசிக்கிறோம்.

எல்லாவற்றையும்விட ஒன்று இருக்கிறது அய்யா. நாங்கள் எல்லாரும் சபையைப் பார்த்து உட்கார்கிறோம், மூட்டை எங்கள் முதுகுக்குப் பின்னால். வாத்தியார் மட்டும்தான் சபைக்கு முதுகைக் காட்டி மேடையைப் பார்த்து நிற்பவர். அதாவது இரண்டு மணி நேரமும் மூட்டைகளைப் பார்த்து. மின்விசிறியை மேடைக்குப் பின்னாலிருந்து போட்டால் பொடி நேராக அவர் முகத்துக்குத்தான் போகிறது, போடாவிட்டால் பிள்ளைகள் வெந்துபோகிறார்கள். ஏற்கெனவே வீசிங் உள்ளவர். இப்போதெல்லாம் சட்டைப்பையில் இன்ஹேலர் வைத்துக்கொண்டு, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே திரும்பி நின்று இழுத்துக்கொள்கிறார், நாங்கள் பார்க்கக் கூடாதாம். போன மாதம் ஒத்திகையில் ஆரபி ராகப் பாட்டு நடந்துகொண்டிருந்தபோது இடது கை அப்படியே மேலே நின்றுவிட்டது, நாங்களும் அதைப் பார்த்து ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தோம், நீளமாக நிறுத்தச் சொல்கிறார் என்றுதான் நினைத்தோம். அவருக்கு மூச்சு நின்றிருக்கிறது. அதை நினைத்தால் இன்றும் எனக்குத் தூக்கம் வருவதில்லை. இதைவிட என்ன எழுதினால் ஒரு லாரி அனுப்புவீர்கள்?

கோபமாக எழுதிவிட்டேன், மன்னிக்கவும்.

4. வேறு இடம் பார்க்கலாமே என்பார்கள். பார்த்தோம். கல்யாண மண்டபத்தில் பக்கத்து ஹாலின் ஜெனரேட்டர். பள்ளிக்கூட ஹாலில் தகரக் கூரை, நான்கு மிருதங்கச் சொல் எட்டாகக் கேட்கிறது. இந்த அரங்கு மரத்தளம் போட்ட மேடை, தேக்கு உத்திரமும் சுண்ணாம்பும் செங்கலும் சேர்ந்த மெட்ராஸ் டெரஸ் கூரை. கடைசி வரிசையில் உட்கார்ந்தாலும் வீணையில் ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகம் மைக் இல்லாமல் கேட்கும். நம் ஊரில் இப்படி இன்னொன்று கிடையாது, கட்டவும் போவதில்லை.

5. கூரை ஓட்டை பற்றித் தனி மனு தருகிறோம். இப்போது அது வேண்டாம். மூட்டை.

6. இணையத்தில் போட்ட புகாருக்கு 'நடவடிக்கை எடுக்கப்பட்டு முடிக்கப்பட்டது' என்று கைப்பேசிக்குச் செய்தி வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். மூட்டைகள் மேல் ஒரு நீலத் தார்ப்பாய் போட்டிருந்தார்கள், அதில் பாதி பூக்கடை அம்மாவின் கடைக்குப் போய்விட்டது. அவரையும் நான் குறை சொல்லவில்லை.

7. தமிழிசை ஆய்வாளர் ஆபிரகாம் பண்டிதர் 1912-இல் தஞ்சாவூரில் தன் சொந்தக் காசைப் போட்டு சங்கீத வித்துவான்களைக் கூட்டி மாநாடு நடத்தினார். நாங்கள் அரசாங்கத்திடம் காசு கேட்கவில்லை, விழாவுக்கு நிதி கேட்கவில்லை, வாத்தியாருக்கு விருது கேட்கவில்லை. 64 மூட்டையை எடுங்கள் என்று கேட்கிறோம். தயவுசெய்து எடுங்கள். தை மாதம் கச்சேரி, அதற்கு முன் எடுத்தால் போதும், நாளைக்கே எடுத்தால் காலில் விழுந்து நன்றி சொல்வோம்.

ஆள் பற்றாக்குறை என்றால் நாங்களே தூக்குகிறோம். தபால்காரர் உட்பட பதினைந்து பேர் தயார், முகத்துக்குத் துணி, கைக்கு உறை எல்லாம் எங்கள் செலவு, தையல்காரர் ஏற்கெனவே தைத்தும் வைத்துவிட்டார். எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். அந்த ஒரு வரிக்காகத்தான் நான்காவது முறையாக இந்த மனு.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செயலாளர் (இரண்டாம் வயலின்)

இணைப்பு:
அ. முந்தைய மூன்று மனுக்களின் நகல்கள்.
ஆ. பேருந்துப் பணிமனையின் பதில் கடித நகல்.
இ. உறையில் ஒரு வீணைத் தந்தி. மாற்றி பதினாறு நாள் ஆனது. கையால் எடுக்க வேண்டாம், உதிர்ந்துவிடும்.