ரீகல் ஏஞ்சல் மீனை வாங்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டில் பவளத் தொட்டி, அதாவது பவள உயிரிகளும் கடல்மீன்களும் வாழும் உப்புநீர்த் தொட்டி, வைப்போர் பலர், ஆரஞ்சும் வெள்ளையும் நீலமுமாய்க் கண்ணைப் பறிக்கும் பட்டைகளுக்காகவே ரீகல் ஏஞ்சல் மீனை வாங்குகிறார்கள். ஆனால் கடலில் கடற்பஞ்சுகளைக் கொத்தித் தின்று பழகிய இம்மீன், தொட்டியில் தூவும் குருணைத் தீவனத்தை உணவென்றே மதிக்காமல், கண்ணெதிரே மெலிந்து இறந்துபோவது அடிக்கடி நிகழ்கிறது.

ரீகல் ஏஞ்சலிலேயே செங்கடல், இந்தியப் பெருங்கடல் பகுதிகளின் மஞ்சள் மார்பு மீன்கள், பசிபிக் பெருங்கடலின் சாம்பல்நீல மார்பு மீன்களைவிட எளிதில் உண்ணப் பழகும் என்பது வளர்ப்போர் பலரின் கருத்து. எதுவாயினும், அது இரையெடுப்பதைக் கடையிலேயே நேரில் கண்ட பிறகுதான் பணம் கொடுக்க வேண்டும். தலைக்குப் பின்னுள்ள முதுகுச் சதை வற்றியிருந்தால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கலாகாது.

கூச்ச சுபாவமுள்ள மீன் என்பதால், பிளந்த மட்டியை ஓட்டோடு பாறையிடுக்கில் செருகிவைத்து விலகிவிட்டால், ஆளரவம் அடங்கியபின் மெல்ல வந்து கொத்தும். முரட்டு சர்ஜன் மீன்கள் முன்பே குடியேறிய தொட்டி இதற்கு ஆகவே ஆகாது. 25 செ.மீ. வரை வளரும் மீனுக்குச் சிறு தொட்டியும் பொருந்தாது. சதைப்பற்றுள்ள பவளங்களைக் கடிக்கவும் கூடும். அது மீனின் குற்றமன்று.

புதியவர்களுக்கு இம்மீனை விற்கும் முன் இவற்றை எடுத்துச் சொல்லுமாறு விற்பனையாளர்களைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்